குண்டுக் காயத்தில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றினார்களா?

ஆமாம், உண்மைதான். சித்திரவதைக்காக அல்ல, சிகிச்சை என்று நம்பித்தான் ஊற்றினார்கள். வெடிமருந்து காயத்துக்குள் விஷத்தை ஏற்றிவிடுகிறது, அதைச் சுட்டுப் பொசுக்கினால்தான் ஆள் பிழைப்பான் என்று இத்தாலிய மருத்துவர் ஜொவான்னி த விகோ 1514-இல் எழுதியிருந்தார். ஐரோப்பாவே அதைப் பின்பற்றியது.

இந்த வழக்கத்தை உலுக்கியவர் அம்புரோவாஸ் பாரே. பிரெஞ்சுப் படையோடு போன இளம் நாவிதர்-அறுவை மருத்துவர் (அந்தக் காலத்தில் நாவிதர்கள் அறுவை சிகிச்சையும் செய்தார்கள்), மருத்துவ நூல்களின் மொழியான லத்தீன் படிக்காதவர். 1537-இல் இத்தாலியின் டுரின் நகரப் பக்கம் நடந்த போரில் காயம்பட்டவர்கள் குவிய, அவரிடம் எண்ணெய் தீர்ந்துபோனது. வேறு வழியின்றி முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் குழைத்துத் தடவினார். எண்ணெய் ஊற்றப்படாதவர்கள் விஷமேறிச் செத்துக் கிடப்பார்களோ என்ற பயத்தில் அன்றிரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை. விடியும் முன்னே எழுந்து போய்ப் பார்த்தால், களிம்பு தடவியவர்களுக்கு வலி குறைவு, வீக்கமில்லை, ராத்திரி ஓரளவு தூங்கியும் இருந்தார்கள். எண்ணெய் ஊற்றப்பட்டவர்களோ காய்ச்சலிலும் வலியிலும் துடித்தார்கள், காயத்தைச் சுற்றி வீங்கியிருந்தது. இனி யாரையும் இப்படிச் சுடுவதில்லை என்று அன்றே முடிவெடுத்து, 1545-இல் எல்லாவற்றையும் பிரெஞ்சிலேயே புத்தகமாக எழுதினார்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இன்னொன்று. பெர்ப்பின்யான் முற்றுகையில் பிரிசாக் என்ற தளபதியின் தோளில் பாய்ந்த குண்டு யாருக்கும் அகப்படவில்லை. குண்டு பட்டபோது எப்படி நின்றீர்களோ அப்படியே நில்லுங்கள் என்றார் பாரே. நின்றதும், தோள்பட்டை எலும்பருகே தடவி இடத்தைக் காட்டிவிட்டார்.