பிங்க் ஃப்ளாய்டும் லெட் செப்பெலினும்: எந்த ஆல்பத்தில் தொடங்குவது, எப்படிக் கேட்பது?

கேள்வி: "உங்களுக்கு மிகப் பிடித்த இரண்டு ராக் குழுக்களை, ஆல்பங்களோடு ஒப்பிட்டுச் சொல்ல முடியுமா? சென்னையில் கிட்டார் கற்றுக்கொண்டிருக்கிறேன். எங்கே தொடங்குவது?"

என் இரண்டு குழுக்கள் பிங்க் ஃப்ளாய்ட், லெட் செப்பெலின். இரண்டும் லண்டனில் உருவானவை. ஒன்று 1965இல், மற்றது 1968இல். செப்பெலினுக்கு ஆதாரம், நாலு பேர் ஓர் அறையில் சேர்ந்து வாசிப்பது. ஃப்ளாய்டுக்கு ஆதாரம் ஆல்பம்தான். வாசிப்பு அதில் ஒரு பகுதி. இதைப் பிடித்துக்கொண்டால் எதை எப்படிக் கேட்பது என்பது தானாகவே தெளியும்.

இதற்கு நல்ல சான்று ஒரு கருவி. பின்சன் எக்கோரெக் என்று இத்தாலியில் செய்த எதிரொலி இயந்திரம். ஒலியை டேப்பில் பதியாமல், சுழலும் காந்த உருளையில் பதிந்து திருப்பித் தரும். இரண்டு குழுக்களிடமும் அது இருந்தது. ஃப்ளாய்டின் கிட்டார்காரர் கில்மர் அதைக் கொண்டு, இல்லாத ஒரு வெளியையே உருவாக்கினார். 'மெடில்' (1971) ஆல்பத்தின் 'எக்கோஸ்' 23 நிமிடம் ஓடுவது அந்த வெளிக்குள்தான். செப்பெலினோ, ஏற்கெனவே இருந்த ஒரு வெளியை அதே கருவியால் இன்னும் அழுத்திக் காட்டியது. நாலாவது ஆல்பத்தின் (1971) கடைசிப் பாட்டு 'வென் தி லெவி பிரேக்ஸ்'. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் டிரம்மர் பானமின் டிரம்ஸை வைத்து, படிக்கட்டின் மேலே இரண்டே இரண்டு மைக்கைத் தொங்கவிட்டு, ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் பதிந்தார். எக்கோரெக் அதற்கு மேல் பூச்சு. பிறகு டேப்பின் வேகத்தையும் குறைத்தார்கள். அந்தக் கனம் அப்படி வந்தது.

சென்னையில் ஜாம் ரூமில் (குழுக்கள் வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்யும் அறை) இந்தப் பாட்டை வாசிக்கிறவர்களுக்கு அந்தக் கனம் ஏன் வருவதில்லை என்றால், அங்கே இருப்பது பெரும்பாலும் 22 அங்குல பேஸ் டிரம், உள்ளே ஒரு தலையணை. பானம் பயன்படுத்தியது 26 அங்குலம். இரண்டு பக்கத் தோலையும் வைத்து, கொஞ்சம் உயர்வாகவே சுருதி ஏற்றி, அதிகம் அடைக்காமல் விடுவார். தலையணையை எடுத்துவிட்டாலே பாதி வித்தியாசம் தெரியும். கிரானைட் போட்ட அடுக்குமாடிப் படிக்கட்டு பதிவுக்கு மிக நல்ல இடம். பக்கத்து வீடுகளில் சொல்லிவிட்டு, டிரம்ஸைக் கீழே, மைக்கை ஒரு மாடி மேலே வையுங்கள். சிம்பல் சத்தம் எல்லாவற்றையும் மூடினால் மைக்கைக் குறை சொல்லிப் பயனில்லை: தூர மைக்கில் ஒலிச் சமநிலை டிரம்மரின் கையில்தான் இருக்கிறது. சிம்பலை மெதுவாகவும் ஸ்நேரைப் பலமாகவும் அடிக்க வேண்டும்.

செப்பெலின் தன் முதல் ஆல்பத்தை 36 மணி நேர ஸ்டூடியோ நேரத்தில் முடித்தது. ஏற்கெனவே மேடையில் வாசித்துப் பழகியதைப் பதிந்ததால்தான் அது முடிந்தது. 1980 செப்டம்பரில் பானம் இறந்ததும் குழுவைக் கலைத்துவிட்டார்கள். ஃப்ளாய்டோ தொடக்கத்தில் பாட்டுகளை எழுதிய சிட் பாரெட்டை 1968இல் இழந்தது, பின்னாளில் பாடல் வரிகளை எழுதிய ரோஜர் வாட்டர்ஸ் 1985இல் விலகினார். ஆனாலும் 'தி டிவிஷன் பெல்' 1994இல் வந்தது. ஆளை இழந்தாலும் அவர்களால் ஆல்பம் கட்ட முடிந்தது. (வாட்டர்ஸ் போன பிறகு சொற்களில் அந்தக் கூர்மை இல்லை என்பது என் கருத்து. கிட்டார் மட்டும் குறையவே இல்லை.)

தாளத்துக்கு வருகிறேன். மார்கழிக் கச்சேரிகளில் தொடையில் தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த இரண்டு குழுக்களும் பெரிய விருந்து. 'ஃபிசிகல் கிராஃபிட்டி' (1975) இரட்டை ஆல்பத்தில் 'கஷ்மீர்' கேளுங்கள். கிட்டார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டு) மூன்று மூன்றாக நகரும், டிரம்ஸ் நாலு நாலாகவே நிற்கும். 12 எண்ணிக்கை முடிந்ததும் இரண்டும் ஒன்றாக விழும். வலது கையில் நாலு போட்டுக்கொண்டு வாயால் ரிஃபைப் பாடிப் பாருங்கள். முதலில் கை மூன்றுக்கு இழுக்கும். கிட்டார்காரர் டிரம்ஸைப் பார்த்துத் தயங்கினால் பாட்டே சரிந்துவிடும். அவரவர் கணக்கை அவரவர் விடாமல் பிடிக்க வேண்டும்.

ஃப்ளாய்டின் 'மணி' ஏழு எண்ணிக்கை. மிஸ்ர சாபு போல மூன்றும் நாலுமாகப் பிரித்துப் போட்டால் நடை கெடும். ஏழையும் சம அடிகளாக, ஒவ்வொரு அடிக்குள்ளும் கொஞ்சம் ஊஞ்சலோடு நடத்த வேண்டும். தொடக்கத்தில் வரும் காசு, கல்லாப்பெட்டி ஓசைகள் ஏழு துண்டு டேப்பை ஒட்டிச் செய்த வளையம். அதை வைத்தே எண்ணிப் பழகலாம். டிக் பாரியின் சாக்ஸஃபோன் சோலோ ஏழிலேயே போகும். கில்மரின் கிட்டார் சோலோ தொடங்கும்போது நாலுக்கு மாறும், முடிந்ததும் ஏழுக்குத் திரும்பும். உள்ளூர்க் குழுக்கள் தடுமாறுவது இந்தத் திரும்பும் இடத்தில்தான்: யாராவது ஒருவர் எட்டாவது அடி ஒன்றைச் சேர்த்துவிடுவார். பேஸ் வாசிப்பவர் தலையசைத்து முதல் அடியைக் காட்டுவது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் முறையும் வேறு வேறு. 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) இதயத் துடிப்போடு மெல்ல எழும். பறக்கும் ரயிலில் ஹெட்போனில் கேட்டால் அது காதிலேயே விழாது. நீங்கள் ஒலியைக் கூட்டி வைப்பீர்கள், 'டைம்' பாட்டின் கடிகாரங்கள் எல்லாம் சேர்ந்து அடிக்கும்போது காது கிழியும். இதை வீட்டில், ராத்திரி, மின்விசிறியைக் குறைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். செயலியில் ஷஃபிள் (வரிசையைக் கலைப்பது), கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலப்பது) இரண்டையும் அணைத்துவிடுங்கள். பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில்லாமல் ஓடும் வசதி அமைப்புகளில் இருந்தால் அதை இயக்குங்கள், இல்லாவிட்டால் இணைப்புகளில் சிறு வெட்டு விழும். செப்பெலினுக்கு இந்தக் கவலை கிடையாது. தனிப் பாட்டாகவே ரயிலிலும் கேட்கலாம்.

கிட்டார் கற்பவருக்குச் சில விஷயங்கள். 'ஸ்டெயர்வே டு ஹெவன்' சோலோவுக்காக லெஸ் பால் கிட்டார் வாங்கப் பணம் சேர்ப்பவர்கள் உண்டு. செப்பெலினின் கிட்டார்காரர் பேஜ் அந்த சோலோவை ஆல்பத்தில் வாசித்தது டெலிகாஸ்டர் என்ற வேறு வகைக் கிட்டாரில். ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரோடு மட்டுமே நாம் நினைக்கும் கில்மர், 'அனதர் பிரிக் இன் தி வால்' இரண்டாம் பாகத்து சோலோவை வாசித்தது லெஸ் பாலில். ஆகவே கையில் இருக்கும் கிட்டாரிலேயே தொடங்குங்கள். கில்மரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கம்பிகளின் தடிமன் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) 10, 12, 16, 28, 38, 48. வழக்கமான செட் 10, 13, 17, 26, 36, 46. மெல்லிய பக்கம் கொஞ்சம் தளர்வு, தடித்த பக்கம் கொஞ்சம் கனம். கம்பியைத் தள்ளிச் சுருதி ஏற்றும் அவருடைய நீண்ட வளைப்புகளுக்கு இது உதவும். விரலை மட்டும் தள்ளினால் சுருதி எட்டாது. பின்னால் இரண்டு விரலை முட்டுக்கொடுத்து, மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். எதிரொலி தரும் டிலே கருவியை ஏறத்தாழ 300 மில்லி விநாடியில் வைத்து, எதிரொலி மூன்று நாலு முறையோடு அடங்கும்படி விடுங்கள். அதிகமானால் எல்லாம் குழம்பிவிடும்.

'கஷ்மீர்' வாசிக்க ஆறாம், இரண்டாம், முதல் கம்பிகளை ஒவ்வொரு முழு ஸ்வரம் இறக்க வேண்டும்: டி, ஏ, டி, ஜி, ஏ, டி. நேராக இறக்கி நிறுத்தினால் சுருதி நிற்காது. குறிக்குக் கீழே போய், அங்கிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அகூஸ்டிக் கிட்டாரின் மேல்பலகை உப்பி, கம்பி மேலே தூக்கிக்கொள்ளும். கடற்கரைப் பக்கம் என்றால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்ததும் பருத்தித் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் மூடி வையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த உடனே சுருதி சேர்க்காமல் கால் மணி நேரம் விடுங்கள்.

வரிசை என்று கேட்டால், செப்பெலினில் முதலில் நாலாவது ஆல்பம், அடுத்து 'ஃபிசிகல் கிராஃபிட்டி', அதன் பிறகு மூன்றாவது (1970). மூன்றாவதில் பாதிக்கு மேல் அகூஸ்டிக். அதை முதலில் கேட்டால் குழுவைப் பற்றித் தவறான எண்ணம் வரும். 'இன் த்ரூ தி அவுட் டோர்' (1979) கடைசியில் போதும். ஃப்ளாய்டில் 'விஷ் யூ வேர் ஹியர்' (1975) முதலில். 'டார்க் சைட்'டைவிட எனக்கு இதுவே மேல்: பாரெட்டை நினைத்து எழுதிய ஒன்பது பகுதிப் பாட்டு இரண்டாகப் பிரிந்து ஆல்பத்தின் இரு முனையிலும் நிற்கிறது; நடுவில் எதுவும் வீண் இல்லை. அடுத்து 'டார்க் சைட்', பிறகு 'அனிமல்ஸ்' (1977). 'தி வால்' (1979) கதை தெரிந்து கேட்க வேண்டிய இரட்டை ஆல்பம், அவசரமில்லை.

'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தில் 'ஹாவ் எ சிகார்' பாட்டைப் பாடுபவர் ஃப்ளாய்டைச் சேர்ந்தவர் அல்ல, ராய் ஹார்ப்பர். செப்பெலின் மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்குப் பெயர் வைத்ததும் இதே ஹார்ப்பருக்கு மரியாதையாகத்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அதோடு, பேஜும் செப்பெலினின் பாடகர் பிளான்ட்டும் 1972இல் பம்பாய்க்கு வந்து அங்குள்ள இசைக்கலைஞர்களோடு 'ஃபிரெண்ட்ஸ்', 'ஃபோர் ஸ்டிக்ஸ்' இரண்டையும் பதிந்தார்கள். 2015இல் வந்த 'கோடா' ஆல்பத்தின் விரிவுப் பதிப்பில் அவை இருக்கின்றன.