வாசகர் கேள்வி–பதில்: காந்தக் கவசம்

கேள்வி: காந்தப்புலத்தை இழந்ததால்தான் செவ்வாய் காற்றையும் இழந்தது என்கிறார்கள். காந்தப்புலமே இல்லாத வெள்ளியில் பூமியைப்போல் 90 மடங்கு காற்றழுத்தம் இருக்கிறதே, எப்படி? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். ‘கவசம் போனது, காற்றும் போனது’ என்பது பாதிக் கதைதான். செவ்வாயின் நிறை பூமியில் பத்தில் ஒரு பங்கு. ஈர்ப்புப் பிடி தளர்வு. இன்றும் நொடிக்குச் சுமார் 100 கிராம் வாயுவைச் சூரியக் காற்று (சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டம்) அங்கிருந்து வாரிச் செல்வதை நாசாவின் மேவன் விண்கலம் அளந்தது. வெள்ளியின் ஈர்ப்போ ஏறக்குறைய நம்முடையது. தவிர, அதன் மேல்வளியிலுள்ள அயனிகளின்மீது (மின்னேற்றமுள்ள அணுக்கள்) சூரியக் காற்று மோதும்போது மின்னோட்டம் தூண்டப்பட்டு ஒரு காந்தத் தடுப்பு உண்டாகிறது. இரவல் கவசம்! ஆனாலும் நீரிலிருந்து பிரிந்த ஹைட்ரஜன் தப்பி ஓடி, வெள்ளி வறண்டுதான் போனது.

கேள்வி: பூமியில் எல்லா ஊருக்கும் ஒரே பாதுகாப்பா? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: இல்லை, உங்கள் ஊருக்குக் கூடுதல். விண்ணிலிருந்து வரும் மின்னேற்றமுள்ள துகள் காந்தக் கோடுகளைக் குறுக்கே கடக்கப் பார்த்தால் வளைந்து திரும்பும். கோட்டின் போக்கிலேயே வந்தால் தடையில்லை. துருவங்களில் கோடுகள் செங்குத்து. காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழகத்தை ஒட்டிச் செல்வதால் உங்களுக்கு மேலே அவை கிட்டத்தட்டக் கிடையாக இருக்கின்றன.

கோடுகளின் சாய்வைத் தையல் ஊசியில் பார்க்கலாம். முதலில் நடுவில் நூல் கட்டிச் சமன் செய்து, முடிச்சில் ஒரு சொட்டுப் பசை வையுங்கள். பிறகு காந்தத்தால் ஒரே திசையில் 30 முறை தேயுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் காந்தம் ஏறாது. தேய்த்தபின் சமன் செய்தால் சோதனையே பாழ்: சாய்வை நீங்களே திருத்திவிடுவீர்கள். இரும்பு பீரோ, செல்போன் அருகில் வேண்டாம். உங்கள் வீட்டில் ஊசி கிடையாக நிற்கும். டெல்லியில் வடமுனை 40 பாகைக்கு மேல் தலைகவிழும்.

இந்தக் கவசமும் தளர்வதுண்டு. 2015 ஜூன் 22 அன்று சூரியப் புயல் தாக்கியபோது, ஊட்டியிலுள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில் சுமார் 2 மணி நேரம் மியுவான்கள் (விண்கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் துகள்கள்) வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பதிவாயின.

கேள்வி: பூமியின் காந்தத் துருவங்கள் இடம் மாறினால் உயிர்கள் அழியுமா? (சேலம் வாசகர்)

பதில்: கடைசியாக மாறியது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. அதையொட்டிப் பேரழிவு எதுவும் இல்லை. ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மேலே 10 டன் காற்று இருக்கிறது. தரையில் நமக்கு முதன்மையான கூரை அதுதான். கவலைப்பட வேண்டியவை செயற்கைக்கோள்கள். புலம் மெலிந்த தென் அட்லாண்டிக் பகுதியைக் கடக்கும்போது ஹபிள் தொலைநோக்கி இப்போதே அவதானிப்பை நிறுத்திக்கொள்கிறது.