அனுப்புங்கள் அக்கா, பைக் மட்டும் வேண்டாம்

வணக்கம் அக்கா.

நேற்று ராத்திரி போனில் “அனுப்பலாமா தம்பி?” என்று கேட்டீர்கள். நானும் ஏதோ வேலையில் “அனுப்புங்கள்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அது உங்களுக்குப் போதாது என்று அப்புறம்தான் உறைத்தது. பதினேழு வயதுப் பிள்ளை, கூட அதே வயதில் ஒரு நண்பன், சேருமுன் நேரில் பார்த்து வர பழனியிலிருந்து கோயம்புத்தூர், இரண்டு நாள், மூன்று இன்ஜினியரிங் காலேஜ். பெற்றவளுக்குத் தூக்கம் எப்படி வரும்? அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் பைக். எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள். பதினெட்டு முடியாமல் கியர் வண்டிக்கு லைசென்ஸ் கிடையாது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது நிரம்பாத பையன் வண்டி ஓட்டி மாட்டினால் பெற்றவர்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும் உண்டு. உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பஸ்ஸிலேயே போகட்டும். நாளை அங்கே சேர்ந்தால் லீவுக்கு லீவு அவன் வந்து போகப் போவதும் அந்த பஸ்ஸில்தான். அந்த அலுப்பையும் இப்போதே தெரிந்துகொள்ளட்டுமே.

இரண்டாவது, கிழமை. சனி, ஞாயிறு என்று சொன்னீர்கள். அதை வெள்ளி, சனி என்று மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் பூட்டிய கட்டடத்தையும் வாட்ச்மேனையும்தான் பார்த்துவிட்டு வருவார்கள். பிளஸ் டூ பரீட்சை முடிந்து, காலேஜ்களில் செமஸ்டர் பரீட்சை தொடங்காத இந்தச் சில வாரங்கள்தான் சரியான நேரம். வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும், லேப் திறந்திருக்கும், பேசுவதற்குப் பிள்ளைகள் இருப்பார்கள். ரிசல்ட் வந்தபின் மே மாதம் போனால் அட்மிஷன் கூட்டத்தைத்தான் பார்க்கலாம்.

நேரில் பார்ப்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணுக்கு கட்-ஆஃப் மதிப்பெண்ணையும் பிராஞ்சையும் மட்டும் பார்த்து ஒரு காலேஜை கவுன்சிலிங்குக்கான சாய்ஸ் லிஸ்ட்டில் மேலே போட்டுக் கொடுத்தேன். அந்த வீட்டாரும் போய்ப் பார்க்கவில்லை, நானும் பார்த்ததில்லை. சீட் கிடைத்தது, சேர்ந்தாள். தீபாவளி லீவில் வந்தாள், முகமே வாடியிருந்தது. விடிவதற்குள் காலேஜ் பஸ், வீடு திரும்ப ராத்திரி ஏழரை, ஒரே லேபை இரண்டு டிபார்ட்மென்ட் முறை வைத்துப் பயன்படுத்தும் நிலைமை. “சார், நீங்க அந்தக் காலேஜைப் பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து, பிள்ளை நேரில் பார்க்காத காலேஜை லிஸ்ட்டின் முதல் ஐந்து இடத்தில் நான் போடுவதில்லை.

உங்கள் மகன் எழுதி வைத்திருக்கும் மூன்றும் நல்ல பெயர்கள்: ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி), பிஎஸ்ஜி டெக், சிஐடி (கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி). கவுன்சிலிங்கில் இவற்றின் எண்கள் 2005, 2006, 2007 என்று அடுத்தடுத்து வரும். சாய்ஸ் நிரப்பும்போது ஓர் இலக்கம் தவறினால் வேறு காலேஜ் ஆகிவிடும் என்பதால் எண்ணையும் சேர்த்தே மனதில் பதிய வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று. அவினாசி ரோட்டில் பஸ்ஸில் போனால் கண்டக்டர் “ஹோப் காலேஜ்” என்று கூப்பிடுவார். அந்தப் பெயரில் இன்று அங்கே காலேஜ் இல்லை. 1945-இல் சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப் பெயரில் அங்கே தொடங்கிய காலேஜ்தான் பின்னால் தடாகம் ரோட்டுக்குப் போய் இன்றைய ஜிசிடி ஆனது. பெயரைக் கேட்டு அங்கே இறங்கிவிட்டுத் தேடப் போகிறார்கள்.

உள்ளே போவதற்கு இரண்டு பேரும் ஹால் டிக்கெட், ஆதார் நகல் வைத்துக்கொள்ளட்டும். முதல் நாளே ஆபீஸுக்குப் போன் செய்து, டிபார்ட்மென்ட்டைப் பார்க்கலாமா என்று கேட்டுவிடுவது மரியாதை. போனதும் முகப்புக் கட்டடத்தின் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பார்கள், எடுக்கட்டும். அதற்குப் பிறகு நேராக அவரவர் படிக்க நினைக்கும் டிபார்ட்மென்ட்டுக்குப் போக வேண்டும். உங்கள் மகன் மெக்கானிக்கல் என்கிறான். ஒர்க்‌ஷாப் வாசலில் ஐந்து நிமிடம் நிற்கட்டும். லேத் அடியில் இரும்புச் சுருள் கிடக்கிறதா, எண்ணெய் வாசனை அடிக்கிறதா, பையன்களின் காக்கிச் சட்டையில் கறை இருக்கிறதா? இருந்தால் அங்கே வேலை நடக்கிறது. பளபளவென்று துடைத்து, உறை போட்டு மூடிய மெஷின் வரிசையைப் பார்த்தால், கடைசியாக எப்போது ஓடியது என்று ஒரு மாணவனிடம் கேட்கட்டும்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். முதலாமாண்டுப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம், நான்காம் ஆண்டு அண்ணன்கள் கேட் எதிரே டீக்கடையில் இருப்பார்கள். “காலேஜ் நல்லா இருக்கா?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் வரும். “நேற்றுக் கடைசி பீரியடில் என்னண்ணா நடந்துச்சு?”, “உங்க கிளாஸில் எத்தனை பேருக்கு இதுவரை வேலை வந்திருக்கு?”, “அரியர் வெச்சா வாத்தியார் கூப்பிட்டுப் பேசுவாங்களா?” இப்படிக் கேட்டால் மனம் விட்டுப் பேசுவார்கள். ஃப்ளெக்ஸில் பெரிதாகப் போட்டிருக்கும் சம்பளம் யாரோ ஒருவருக்குக் கிடைத்தது. மத்திய அரசு வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசைக்காகக் காலேஜ்கள் கொடுக்கும் விவரத்தில் சராசரிப் பிள்ளையின் நிலையைக் காட்டும் நடுச் சம்பளக் கணக்கு (எல்லாருடைய சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) இருக்கிறது. அதை இரண்டு பேரும் போனிலேயே பார்த்துவிட்டுப் போகட்டும். படிப்பின் தரத்தைப் பார்த்துக் கொடுக்கும் என்பிஏ அங்கீகாரம் காலேஜுக்கு மொத்தமாக வருவதில்லை, பிராஞ்ச் வாரியாக வருவது. அதையும் டிபார்ட்மென்ட்டிலேயே கேட்கலாம். கவுன்சிலிங் பட்டியலில் பிராஞ்ச் பெயருக்குப் பக்கத்தில் எஸ்எஸ் என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு. ஒரே வளாகம்தான், கட்டணம் வேறு.

சரி, நண்பனைப் பற்றி. அவன் கூடப் போவதால் பயப்படுகிறீர்கள், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. நீங்கள் கூடப் போனால் உங்கள் மகன் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பான், கேள்வியெல்லாம் நீங்கள்தான் கேட்பீர்கள். நண்பனோடு போனால் வாயைத் திறந்தாக வேண்டும். என் கவலை வேறு: “நீ சேர்ற காலேஜில் நானும்” என்று இரண்டு பேரும் ஏற்கெனவே பேசி வைத்திருப்பார்கள். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் இருவருக்கும் ஒன்றாகவே வந்தாலும், வழி ஒன்றாக இருக்காது. அந்தப் பையன் ஆறிலிருந்து அரசுப் பள்ளி. அவனுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. உங்கள் மகன் படித்தது உதவி பெறும் பள்ளி, அது கிடைக்காது. ஆனால் உங்கள் வீட்டில் இவன்தான் முதல் பட்டதாரி என்பதால், கவுன்சிலிங் மூலம் சேர்ந்தால் அதற்கான கட்டணச் சலுகை உண்டு. சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

அதனால் கையில் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டுக் கொடுங்கள். திரும்பி வரும் பஸ்ஸில், பொள்ளாச்சி தாண்டும் முன்பே, ஒருவரோடு ஒருவர் பேசாமல் அவரவர் எழுதிவிட வேண்டும்: எந்த இடத்தில் நிம்மதியாக இருந்தது, எங்கே ஏதோ நெருடியது, எதை முதலில் போடுவேன். பேசிவிட்டு எழுதினால் இரண்டு நோட்டிலும் ஒரே பதில்தான் இருக்கும்.

வழியில் வேறு எந்தக் காலேஜ் ஆளாவது போன் நம்பர் வாங்கிக்கொண்டு “மேனேஜ்மென்ட் சீட், பத்தாயிரம் அட்வான்ஸ் போட்டு வைங்க” என்றால் ஒரு பைசா கட்ட வேண்டாம். கவுன்சிலிங் தொடங்கவே இல்லை. மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகையும் போய்விடும். அசல் சான்றிதழ் எதுவும் பையில் இருக்கவே கூடாது, எல்லாம் உங்கள் பீரோவில் இருக்கட்டும்.

தங்குவது நண்பனின் சித்தி வீடு என்றீர்கள். அவர்களிடம் நீங்களே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று இரண்டு போன் போதும், மணிக்கொரு தரம் கூப்பிடாதீர்கள்.

சனி ராத்திரி சாப்பாடு போடும்போது “எந்தக் காலேஜ்டா?” என்று உடனே கேட்க வேண்டாம். டீக்கடை அண்ணன் என்ன சொன்னார் என்று கேளுங்கள், மீதியை அவனே சொல்வான். ஞாயிறு பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். இரண்டு பேரையும் நோட்டோடு அனுப்பி வையுங்கள்.