முதலில் லாகினா, பேமென்டா?

கேள்வி: நானும் நண்பரும் வேலை முடிந்து வந்து, கல்யாண மண்டபங்களுக்கான புக்கிங் வெப் ஆப் ஒன்றை இரவுகளில் எழுதி வருகிறோம். எட்டு மாதம் ஓடிவிட்டது. பட்டியலில் இன்னும் 40 வேலைகள். முதலில் ஓடிபி லாகினா, ஆன்லைன் பேமென்டா என்று தினமும் சண்டை. லோகோ நிறத்துக்கும் சண்டைதான். எதை முடித்துவிட்டு வெளியிடுவது?
- வாசகர், கும்பகோணம்

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

சில வருடம் முன்பு, பாத்திர வாடகைக் கடை ஒன்றுக்கு நான் ஒரு ஆப் எழுதினேன். லாகின், பாஸ்வேர்ட் மறந்தால் மீட்பது, மாத வரைபடம் என்று மூன்று மாதம் இழைத்தேன். கொண்டுபோய்க் காட்டினால், கடைக்காரர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "தம்பி, எந்த வீட்டுல இருந்து எத்தனை அண்டா திரும்பி வரலைன்னு இதுல தெரியுமா?" என்றார். தெரியாது. அவருடைய நோட்டில் அதற்கென்றே சிவப்பு மையில் தனிக் கட்டம் இருந்தது. நான் அந்த நோட்டைப் பார்த்ததே அன்றுதான்.

அதனால் ஒரு மண்டப மேனேஜரின் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, அவருடைய டைரியைப் பாருங்கள். விசாரித்துவிட்டுப் போனவர் பெயர் பென்சிலில் இருக்கும், அட்வான்ஸ் கொடுத்தவர் பெயர் பேனாவில். ஒரே முகூர்த்தத்துக்குப் பென்சில் பெயர்கள் நாலு இருக்கலாம், பேனா ஒன்றுதான். அப்புறம், 'தேதி' என்று நீங்கள் நினைப்பதும் அங்கே தேதி இல்லை. முந்தின நாள் மாலை வரவேற்புக்குச் சாவி கொடுத்து, மறுநாள் மதியப் பந்தி முடிந்து வாங்குவதுதான் ஒரு புக்கிங். உங்கள் டேட்டாபேஸ் டேபிளில் வெறும் தேதி மட்டும் இருந்தால், 11-ம் தேதி மாலை வரவேற்பு வைப்பவருக்கும், அன்று மதியமே சாவியைத் திருப்பித் தருபவருக்கும் இடம் இருந்தும் இல்லை என்று சொல்லும்.

ஒரு மண்டபத்தை இரண்டு வீட்டாருக்குக் கொடுத்துவிட்டால் உங்கள் ஆப்பை ஊரே மறக்காது. ஆகவே முதல் வேலை இதுதான். தொடக்க நேரம், முடியும் நேரம், பென்சிலா பேனாவா என்ற நிலை. உங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால், பேனாப் பதிவுகளுக்கு மட்டும் ஒரு எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் போடுங்கள். ஒரே மண்டபத்துக்கு நேரம் மோதும் இரண்டாவது பதிவை டேட்டாபேஸே மறுத்துவிடும். இரண்டு பேர் ஒரே நொடியில் பட்டனைத் தட்டினாலும் சரி. அடுத்தது தினசரி பேக்கப். எடுத்தால் போதாது, அதை ஒரு முறை திரும்ப ஏற்றிப் பாருங்கள்.

லாகின்? முதல் இரண்டு மண்டபங்களுக்கு நீங்களே கணக்கு உருவாக்கிப் பாஸ்வேர்டைக் கையில் கொடுங்கள். ஓடிபி அனுப்ப, உங்கள் பெயர், ஹெடர் (எஸ்எம்எஸ் அனுப்புநராகத் தெரியும் பெயர்), வாசகத்தின் டெம்ப்ளேட் எல்லாம் டிஎல்டி என்ற, வணிக எஸ்எம்எஸ் அனுப்புபவர்களுக்கான பதிவுத் தளத்தில் பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். காலி தேதி பார்க்க வரும் பெண் வீட்டாரிடம் போன் நம்பர் கேட்கவே கேட்காதீர்கள். 2013 அக்டோபர் 1-ல் அமெரிக்க அரசின் ஹெல்த்கேர் டாட் கவ் தளம் திறந்தபோது, மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களைப் பார்க்கவே முதலில் கணக்குத் தொடங்கச் சொன்னார்கள். கூட்டம் அந்த வாசலிலேயே நெரிந்தது. முதல் நாளில் காப்பீடு எடுத்து முடித்தவர்கள் 6 பேர்.

பேமென்டுக்கும் அவசரமில்லை. அட்வான்ஸை மேனேஜர் நேரில்தான் வாங்குகிறார், பணமாகவோ ஜிபேயிலோ. வாங்கிய தொகையைக் குறிக்க ஒரு கட்டம் போதும். 2004-ல் பேஸ்கேம்ப் என்ற ப்ராஜெக்ட் மேலாண்மை ஆப் வெளிவந்தபோது, வாடிக்கையாளரிடம் கட்டணம் வசூலிக்கும் வசதியே அதில் இல்லை. மாதக் கட்டணம்தானே, முதல் பில்லுக்கு 30 நாள் இருக்கிறது என்று வெளியிட்டுவிட்டு, பிறகு எழுதினார்கள்.

ஆடி மாதத்தில் திறங்கள். கல்யாணம் இல்லாததால் மேனேஜருக்கு உங்களோடு உட்கார நேரம் இருக்கும், ஆவணிக்கான விசாரிப்பும் வந்துகொண்டிருக்கும். ஆவணி முடியும்வரை டைரியும் கூடவே ஓடட்டும். தினமும் ராத்திரி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

லோகோ நிறத்தை நண்பருக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள்.