எங்க இருந்து தொடங்கிறது?

கேள்வி: அக்கா, நாங்கள் மூண்டு கூட்டாளிமார் சேர்ந்து 'டொக்டர் ஹூ' பற்றித் தமிழில பொட்காஸ்ட் செய்யப்போறம், 1963இல பிபிசியில தொடங்கின அறிவியல் புனைகதை டிவி சீரிஸ், முதல்ல இருந்து கதைக்கிறதோ 2005இல இருந்தோ எண்டு ஒரே சண்டை, அதோட காலி வீதி ஹோர்ன் சத்தமும் ரெக்கோர்டிங்கில விழுது.
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: 2005தான் தம்பி. 1989இல நிண்டுபோனது திரும்ப வந்த வருசம், புது ஆக்களுக்கும் விளங்கும். ஆனா பழசை விட்டுடாதேங்கோ, அறுபதுகளில வந்த கன எபிசோட்டை பிபிசியே அழிச்சுப்போட்டுது, ரசிகர்மார் வீட்டில டிவிக்குப் பக்கத்தில ரெக்கோர்டர் வச்சுப் பிடிச்சபடியால சத்தம் மட்டும் தப்பிட்டுது, பொட்காஸ்டுக்கு இதைவிட என்ன கதை வேணும்! ஹோர்னுக்கு உடுப்பு அலுமாரிக்குப் பக்கத்தில இருந்து பதியுங்கோ, இரவு பிந்தினா இன்னும் நல்லம். மூண்டு பேரும் ஒண்டாக் கதையாதேங்கோ, அது ஹோர்னைவிட மோசம்.