கேளுங்கண்ணா: படிக்கட்டு மூக்கு

கேள்வி: 2012 பார்முலா ஒன் கார்களின் படம் பார்த்தேன். மூக்கில் படிக்கட்டு வைத்தது மாதிரி இருந்தது. 2014 கார்கள் அதைவிட மோசம், எறும்புத்தின்னியேதான். கோடி கோடியாகக் கொட்டுகிறவர்களுக்கு அழகாக ஒரு கார் செய்யத் தெரியாதுங்களா? (கல்லூரி மாணவர், பல்லடம்)

பதில்: அழகுக்கு அங்கே மார்க் கிடையாது தம்பி, நேரத்துக்குத்தான். நீங்கள் பல்லடத்துக்காரர், ஆடிக்காற்றில் தகரக்கூரை மேலே கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த விசையைத் தலைகீழாகத் திருப்பினால் கார் தரையோடு அமுங்கும். டயருக்குப் பிடிப்பு கூடும், வளைவில் அவ்வளவாக வேகம் குறைக்க வேண்டியதில்லை. காருக்கு அடியில் காற்று வேகமாக ஓட ஓட அழுத்தம் குறைந்து, வண்டி கீழ்ப்பக்கம் இழுபடும். அடியில் நிறையக் காற்றைப் புகுத்தத்தான் பெரும்பாலான அணிகள் மூக்கைத் தூக்கின.

ஆனால் தூக்கிய மூக்கு இன்னொரு காரின் பக்கவாட்டில் இடித்தால், அந்த ஓட்டுநரின் தலைக்கே ஆபத்து. அதனால் 2012-ல் மூக்கின் உயரம் 550 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று விதி போட்டார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் உடல் மட்டும் 625 வரை இருக்கலாம். அந்த 75 மில்லிமீட்டரை யார் விடுவார்? வந்தது படிக்கட்டு. மெக்லாரன் உடலையே தாழ்த்திக் கட்டியதால் அதற்குப் படி இல்லை. எனக்கு அந்த வருடம் பிடித்த கார் அதுதான்.

2014-ல் மூக்கு நுனியை 185 மில்லிமீட்டருக்கு இறக்கச் சொன்னார்கள். பெரும்பாலான அணிகள் விரல் மாதிரி ஒன்றை மட்டும் கீழே நீட்டிவிட்டு, மிச்சத்தை உயரத்திலேயே வைத்துக்கொண்டன. நம்மூரில் வீடு கட்டும்போது மூன்றடி விடச் சொன்னால், தரையில் விட்டுவிட்டு மாடியில் நீட்டிக்கொள்வதில்லையா, அதே வேலைதான்.

கேள்வி: என் மாருதி 800-க்குப் பின்னால் இறக்கை மாட்டலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: வேண்டாமுங்க. கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தபோது நண்பர் ஒருவரின் 800-க்கு அலுமினியத் தகட்டில் நானே ஒன்று செய்து மாட்டினேன். அவிநாசி ரோட்டில் நீலம்பூர் தாண்டியதும் கழன்று காட்டுக்குள் போய் விழுந்தது. 1969-ல் ஸ்பெயின் பார்முலா ஒன் பந்தயத்தில் இரண்டு லோட்டஸ் கார்களின் உயரமான இறக்கைகளும் இப்படித்தான் முறிந்தன. அவற்றை ஓட்டிய கிரகாம் ஹில், யோகன் ரிண்ட் இருவரும் மோதி, தப்பிப் பிழைத்தார்கள். அடுத்த பந்தயமான மொனாக்கோவிலேயே உயர இறக்கைக்குத் தடை போட்டார்கள்.

அதோடு, 160 கிலோமீட்டர் வேகத்தில் இறக்கை தரும் அமுக்கத்தில் பதினாறில் ஒரு பங்குதான் 40-ல் கிடைக்கும். திருப்பூர் டிராபிக்கில் 40 போனாலே பெரிசு. 800-க்கு இழுவை முன் சக்கரத்தில். பின்னால் அமுக்கி என்ன செய்யப் போகிறீர்கள்? கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்கில் ஓடும் எல்ஜிபி பார்முலா 4 பந்தயக் கார்களுக்கே இறக்கை கிடையாது.

நான் செய்த இறக்கை நண்பரின் தோட்டத்தில் கோழிக்கூண்டுக்கு மூடியாக இருக்கிறது. அங்கே நன்றாகவே அமுங்குகிறது. மேலே இரண்டு செங்கல்.