மழை இருட்டுக்குள் சின்ன ஹெலிகொப்டர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான்கு பேர் போகும் சின்ன ஹெலிகொப்டர் விழுந்தால், “சீரற்ற காலநிலையே காரணம்” என்று ஒரே வரியில் செய்தியை முடித்துவிடுகிறார்கள். மழை ஹெலிகொப்டரை விழுத்துமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: மழை விழுத்துவது அபூர்வம். நிலம் கண்ணில் இருந்து மறைவதுதான் விழுத்துகிறது. றொபின்சன் ஆர்44 போன்றவை வெளியே பார்த்து ஓட்டுவதற்கானவை. பிடியை விட்டால் தானாக நேரே நிற்காது. முகிலுக்குள் புகுந்ததும் உட்காதில் உள்ள திரவம் ஏமாற்றத் தொடங்கும். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் சிறிது நேரத்தில் நேரே போவதுபோல இருக்கும். அதை நிமிர்த்தினால் மற்றப் பக்கம் சரிவதுபோல இருக்கும். 1954இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பறப்புப் பயிற்சி (வெளியே பாராமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி) இல்லாத 20 பேரைச் சோதித்தபோது 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக எடுத்த நேரம் 178 விநாடி. அதுவும் ஹெலிகொப்டரை விட நிதானமான சிறகு விமானத்தில்.

பெரிய இயந்திரமும் விதிவிலக்கல்ல. 2020 ஜனவரி 26இல் கலிபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிறையன்ற் உட்பட 9 பேர் இறந்தது இரட்டை எஞ்சின் சிக்கோர்ஸ்கி எஸ்-76பி விபத்தில். மேலே ஏறிக்கொண்டிருப்பதாக விமானி வானொலியில் சொன்ன வேளையில் ஹெலிகொப்டர் இடப்பக்கம் திரும்பியபடி கீழே பாய்ந்துகொண்டிருந்தது.

ஆகவே கணக்குப் பார்க்கவேண்டியது தரையில். வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்கும்) உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்குங்கள். முகிலடி எத்தனை மீற்றர் உயரத்தில் இருக்கும் என்று உத்தேசமாக வரும். 26 பாகையும் 24 பாகையும் என்றால் 250 மீற்றர். மழைக்குள் கிழிந்து தொங்கும் முகில் இதைவிடவும் தாழ வரும். வித்தியாசம் ஒரு பாகைக்குள் வந்தால் மூடுபனியை எதிர்பாருங்கள். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்களே, அந்த விடியற்காலைகளில் இரணைமடுக் குளத்தின் மேல் தண்ணீர் எது, வானம் எது என்று பிரிக்க முடியாது. வெயில் ஏறும்வரை காத்திருப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

பறக்கும்போது இரண்டு எல்லைகள் போதும். முகிலுக்குத் தப்ப 150 மீற்றருக்குக் கீழே இறங்கவேண்டி வந்தாலோ, வழமையான வேகத்தில் மணிக்கு 55 கிலோமீற்றர் குறைக்கவேண்டி வந்தாலோ அந்த இடத்திலேயே திரும்பவேண்டும், அல்லது இறங்கவேண்டும். இந்த எண்களைப் புறப்படுமுன் எழுதி வைக்கவேண்டும். மேலே போனபின் தீர்மானிப்பவர், இன்னும் கொஞ்சத்தில் வெளிக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போவார்.

கேள்வி: அப்படி அவசரமாக இறங்க வன்னியில் வயல்வெளிக்கா பஞ்சம்?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: பஞ்சமில்லை, ஆனால் மாரியில் அவ்வளவும் சேறு. ஹெலிகொப்டர் தரையில் நிற்கும் சறுக்குக்கால்களில் ஒன்று சேற்றில் புதைந்திருக்க, அவசரமாக மேலே இழுத்தால், புதைந்த காலைச் சுழலச்சாக வைத்து முழு ஹெலிகொப்டரும் கவிழும். ஒன்றிரண்டு விநாடிகளில் முடிந்துவிடும். பள்ளிக்கூட மைதானம், மேட்டுக்காணி நல்லது. மின்கம்பி எங்கே என்று பார்க்கவேண்டும். கம்பியை விடக் கம்பம்தான் கண்ணுக்கு முதலில் தெரியும். கண்ணிவெடி அகற்றி முடியாத நிலங்களின் மண்டையோட்டுப் பலகையோ மேலிருந்து தெரியவே தெரியாது. அந்த வரைபடத்தைப் புறப்படுமுன்பே பார்த்திருக்கவேண்டும்.

கேள்வி: இரத்மலானையிலிருந்து முல்லைத்தீவுக்கு வாடைக்காற்றில் வந்தால் எரிபொருள் எவ்வளவு கூடும்?
– கடற்றொழிலாளர், முல்லைத்தீவு

பதில்: நேர்கோட்டில் ஏறத்தாழ 290 கிலோமீற்றர். ஆர்44 மணிக்கு 185 கிலோமீற்றர் போகும், சுமார் 57 லீற்றர் குடிக்கும் என்று வைப்போம். காற்றில்லாவிட்டால் 1 மணி 34 நிமிடம், 90 லீற்றர். மணிக்கு 45 கிலோமீற்றர் வாடை முகத்தில் அடித்தால் 2 மணித்தியாலத்துக்குச் சற்று மேல், 118 லீற்றர். ஒதுக்கில் வைக்கவேண்டிய 20 நிமிட எரிபொருள் 19 லீற்றர். காற்றைப் பாராமல் 90உம் 19உம் என்று 109 லீற்றரோடு கிளம்பியவருக்கு முல்லைத்தீவுக்கு இருபது கிலோமீற்றருக்கு மேல் இருக்கும்போதே, நெடுங்கேணிப் பக்கக் காட்டுக்கு மேலே, தாங்கி வறண்டுவிடும். மழையைச் சுற்றிப் போகும் தூரம் இதில் சேரவில்லை. குறைந்த அனுபவமுள்ள ஆர்44 விமானிகளுக்கு, திடீர் வீச்சையும் சேர்த்துத் தரைக்காற்று 25 நொட், அதாவது மணிக்கு 46 கிலோமீற்றர், தாண்டினால் பறக்கவே தடை. மேலே சொன்ன காற்று இந்த எல்லையை ஒட்டியது; தரையில் சற்றுக் கூடினாலே அவர்களுக்கு இந்தக் கணக்கே தேவைப்படாது.

கேள்வி: எங்கள் வெக்கையில் காபரேற்றருக்குள் ஐஸ் பிடிக்கும் என்பது உண்மையா?
– மாணவர், கிளிநொச்சி

பதில்: உண்மை. காபரேற்றர் என்பது எஞ்சினுக்குப் போகும் காற்றோடு பெற்றோலைக் கலக்கும் உறுப்பு. பெற்றோல் ஆவியாகும்போதும் ஒடுங்கிய வழியில் காற்று விரியும்போதும் உள்ளே வெப்பநிலை 20 பாகைக்கு மேலும் விழும். 25 பாகை ஈரக்காற்று அங்கே உறைநிலையைத் தொட்டுவிடும். வலுவைக் குறைத்துக் கீழிறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். காபரேற்றர் வெப்பமானியில் ஐஸ் ஆபத்தைக் காட்டும் மஞ்சள் பகுதிக்குள் முள் போகாதபடி சூடாக்கும் பிடியை இழுத்து வைக்கவேண்டும். வலுவை நன்றாகக் குறைத்தால் முள்ளை நம்பாமல் முழுவதும் இழுக்கவேண்டும். விழுந்தபின் ஐஸ் உருகிவிடுவதால் உடைந்த எஞ்சினைக் கழற்றிப் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் அகப்படாது. எரிபொருளை ஊசிவழி பீச்சும் ஆர்44 ரேவன் 2இல் காபரேற்றரே இல்லை.